மறதி என்று போனோம், கண்ணில் போய் நின்றது

78 வயது அப்பாவுக்கு மறதி நோய்தான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். பேப்பர் படிப்பது நின்றுபோயிருந்தது. எதிர்வீட்டு மாமா வணக்கம் வைத்தால் "யாரு?" என்பார். எல்லாவற்றுக்கும் மேல், சாயங்காலமானால் "திண்ணைல யாரு வீட்டுப் புள்ளைய நிக்குதுவ? உள்ள வரச் சொல்லும்மா" என்பார். திண்ணையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அத்தை மந்திரிக்க ஆள் தேடத் தொடங்கிவிட்டாள். நான் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அவர் முதலில் கேட்டதே அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். "பேசுதா?"

"இல்ல சார், சும்மா நிக்குதுவ. நல்ல கலர் கலரா சட்டை. மொதல்ல நெசம்னு நெனச்சேன். இப்பத் தெரியும், கிட்டப் போனா ஒண்ணும் இருக்காது."

டாக்டர் முகத்தில் கவலை குறைந்ததைப் பார்த்தேன். அடுத்து 30 மார்க் பரீட்சை. தேதி, ஊர் எல்லாம் கேட்டார். மூன்று வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு "கண்ணை மூடுங்கள்" என்று எழுதிய தாளைக் கொடுத்து, அதில் இருப்பதைச் செய்யச் சொன்னார். அப்பா தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோய், டியூப்லைட் பக்கம் திருப்பி, "இது எழுத்தா, கோடா?" என்றார். ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையும் கேள்வியிலும் அதே கதை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. "இந்த மார்க்கை வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று, பி12, தைராய்டு, மூளை ஸ்கேனோடு கண் ஆஸ்பத்திரிக்கும் சீட்டு எழுதினார்.

திண்ணைப் பிள்ளைகளுக்கும் விளக்கம் இருந்தது. கண்ணிலிருந்து வரும் சேதி குறைந்தால் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காது. தானாகவே படம் ஓட்டத் தொடங்கிவிடும். புரை விழுந்த தன் தாத்தாவுக்கு இப்படி உருவங்கள் தெரிந்ததை சுவிஸ் அறிஞர் சார்லஸ் போனே 1760-லேயே எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கோளாறுக்கே அவர் பெயர்தான். உருவம் தெரிகிற அதே நேரத்தில் பார்வைப் பகுதி நிஜமாகவே இயங்குவதை 1998-ல் லண்டன் ஆய்வாளர்கள் ஸ்கேனில் பார்த்தார்கள். அத்தையிடம் இதைச் சொன்னேன். "எதுக்கும் ஒரு திருநீறு" என்றாள்.

"இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு?" என்று தம்பி இழுத்தான். 2021-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களில், புரை எடுத்துக்கொண்டவர்களுக்கு மறதி நோய் வந்தது சுமார் 30 சதவீதம் குறைவு. ஆபரேஷன்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு திடமாக இருப்பவர்கள்தானே ஆபரேஷனுக்கே போவார்கள்? ஆனால் கண்ணழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் இந்தக் குறைவு தெரியவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. எப்படியிருந்தாலும் பார்வை வருவது லாபம்தானே என்றதும் தம்பி அடங்கினான்.

சர்க்கரை, பிரஷர், லென்ஸ் அளவு எல்லாம் பார்த்து, ஒரு கண் முடித்து, சில வாரம் கழித்து அடுத்தது. ஆபரேஷன் சுலபம். சொட்டு மருந்துதான் பாடு. இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி. ஒன்றை அடிக்கடி, ஒன்றை எப்போதாவது விட வேண்டும். ஒன்றில் ரப்பர் பேண்டு சுற்றிவிட்டோம். மறதிக்காரரை நம்பி இந்த வேலையை விடாதீர்கள்.

முதல் கட்டு பிரித்து வீட்டுக்கு வந்ததும், "சுவத்துக்கு எப்ப வெள்ளையடிச்சிய?" என்றார். பெயிண்ட் அடித்து வருஷக்கணக்காகிறது.

பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. பேப்பர் திரும்பி வந்துவிட்டது. மறுபடி வைத்த பரீட்சையில் படிப்பது, வரைவது இரண்டிலும் முழு மார்க். அந்த மூன்று வார்த்தைகளில் மட்டும் இப்போதும் ஒன்றுதான் வருகிறது. "அது கண் இல்லை, அதைத் தனியாகக் கவனிக்கணும்" என்ற டாக்டர் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் காதையும் பார்த்துவிடச் சொன்னார். அதற்குத்தான் அப்பா வரமாட்டேன் என்கிறார். காது நன்றாகக் கேட்கிறதாம், நாங்கள்தான் முணுமுணுக்கிறோமாம்.