சைத்தியோ மலைக்கு அம்மா கூட நடந்து போன கதை

இதை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்குது. போன வாரம் கோயில்ல ஒரு அக்கா கேட்டாங்க, ஏம்மா சைத்தியோ பயாவுக்கு மேல வரைக்கும் வண்டி போகுதே, கேபிள் கார் கூட விட்டாச்சே, முட்டிவலிக்காரி உங்கம்மாவ எதுக்கு அத்தனை தூரம் நடக்கவச்சீங்கன்னு. நாங்க எங்க நடக்கவச்சோம், அம்மா தான் எங்களை நடக்கவச்சாங்க.

வெளிநாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடுறேன். இங்கிலீஷ்ல கியாக்டியோன்னு எழுதியிருப்பாங்க, வாயால சொல்றது சைத்தியோ. பர்மாவுல மோன் ஸ்டேட்ல, ரங்கூன்ல இருந்து ஒரு 210 கிலோமீட்டர்ல இருக்கிற மலை, 3600 அடி உசரம் இருக்கும். உச்சில ஒரு பாறை விளிம்புல தங்க ரேக்கு ஒட்டின பெரிய உருண்டைக் கல்லு, இந்தா விழுந்துரும் இந்தா விழுந்துரும்ங்கிற மாதிரியே நிக்கும். கல்லு 25 அடி உசரம், சுத்தளவு 50 அடி, அதோட தலைமேல 24 அடில ஒரு சின்ன பயா. பயான்னா பர்மியத்துல சாமிக்கும் அதே வார்த்தை தான், கோபுரத்துக்கும் அதே வார்த்தை தான்.

2016ல தம்பிக்கு டெங்கு வந்துச்சு. ரத்தத்துல தட்டணு இறங்கிட்டே போகுது, டாக்டர் ஒண்ணும் சொல்லல, அவர் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிஞ்சிருச்சு. அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தால உக்காந்து ரெண்டு நேர்த்தி வச்சாங்க, ஒண்ணு பீலிக்கான்ங்கிற ஊர்ல இருக்கிற முனீஸ்வரருக்கு, இன்னொண்ணு சைத்தியோ பயாவுக்கு, புள்ளை பொழைச்சு எந்திரிச்சா நானே நடந்து வந்து அவன் கையால ரேக்கு ஒட்டவைக்கிறேன்னு. முனீஸ்வரரையும் புத்தரையும் ஒரே மூச்சுல எப்படிக் கும்பிடுறீங்கன்னு தமிழ்நாட்டுச் சொந்தக்காரங்க கேப்பாங்க. இங்க பொறந்து வளந்தவங்களுக்கு அது ஒரு கேள்வியே இல்ல, பர்மாக்காரங்க திஞ்சான்னு அவங்க புதுவருஷத்துக்குத் தண்ணி ஊத்துற அதே வாரத்துல தான் நமக்குச் சித்திரை பொறக்குது, அவங்க தஜாமின்னு சொல்றவரு நம்ம இந்திரன் தான், எங்க தெரு முனைல ஒரு பக்கம் மாரியம்மன் இன்னொரு பக்கம் பயா, ரெண்டுக்கும் ஒரே பூக்காரம்மா கிட்ட தான் பூ வாங்குறோம்.

பீலிக்கான் நேர்த்தியை அந்த வருஷமே முடிச்சிட்டோம். சைத்தியோ மட்டும் தள்ளிக்கிட்டே போயி 2019 ஜனவரில தான் கிளம்பினோம், அம்மா, நான், தம்பி, சித்தப்பா நாலு பேரும். பஸ்ல பெகு தாண்டி சித்தாங் ஆத்தைக் கடந்து சாயங்காலம் கின்பூன் போய் இறங்கியாச்சு. கின்பூன் தான் மலையடிவாரம், கின்பூன்னா நம்ம சீயக்காய், திஞ்சானுக்கு முந்தி இங்க எல்லாரும் அதைத் தட்டிப்போட்டு ஊறவச்சுத் தலை அலசுவாங்க. தலைக்குக் குளிச்சிட்டு மலை ஏறுறதுங்கிறது ஊர் பேருலயே இருக்குன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அங்க எல்லாரும் லைன்கா புடிக்கத் தான் நிப்பாங்க, அதாவது லாரிக்குப் பின்னாடி பலகை அடிச்ச வண்டி, நெருக்கி உக்கார வச்சு வளைவுல வளைவுல தூக்கிப்போட்டு கொண்டுபோய் மேல விட்டுரும். நடக்கிறவங்களுக்கு 7 மைல். நாங்க காலைல நாலரைக்கு போன் லைட்டைப் போட்டுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சோம், பனி முகத்துல அடிக்குது, மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசுற சத்தம் தவிர வேற சத்தமே இல்ல, ஒரு மைல் தாண்டினதும் எங்களுக்கு முன்னாடி போன அஞ்சாறு பர்மாக்காரப் பிள்ளைங்களோட பாட்டுச் சத்தமும் மறைஞ்சுபோச்சு.

வழி நெடுக மூங்கில் கடைங்க. பாதிக்கு மேல மூடிக் கிடந்துச்சு, சிலதுல கூரை உள்ள விழுந்துருச்சு. ஜனம் வண்டில போயிட்டா இந்தக் கடைக்கு யார் வருவா? எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அந்தப் பாதைய உயிரோட வச்சிருக்கிறதே அந்தக் கடைக்காரங்க தான், அவங்க தான் படி ஓரத்துல புல்லு வெட்டுறாங்க, அவங்க தான் ரேஒஸின்ல தண்ணி ஊத்துறாங்க. ரேஒஸின்னா மரத்தாங்கல்ல மண்பானைங்க வரிசையா வச்சு மூடி போட்டு மேல ஒரு குவளை கவுத்து வச்சிருக்கும், நம்ம தண்ணீர்ப்பந்தல் மாதிரி, யார் புண்ணியத்துக்கு வச்சாங்களோ அவங்க குடும்பப் பேரு கீழ பெயிண்ட்ல இருக்கும். அந்தத் தண்ணிக்கு இருக்கிற குளிர்ச்சி எந்த பாட்டில்லயும் வராது.

மேல போகப்போக ஒரு செங்குத்து ஏத்தம் வரும், அதுக்கு பேரு போபியான் தவுங், தாத்தா திரும்பிப்போன மலைன்னு அர்த்தம். அங்க அம்மாவோட முட்டி நின்னுருச்சு. சித்தப்பா சொல்றாரு அண்ணி போதும், தூக்கிட்டுப் போற ஆளைக் கூப்புடுறேன்னு, அம்மா காதுலயே போட்டுக்கல, முருகா முருகான்னு சொல்லிக்கிட்டு ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி, ஒரு மூச்சு.

ஏத்தத்துக்கு நடுவுல திறந்திருந்த ஒரே ஒரு கடை. ஒரு பாட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், கன்னத்துல தனகா, இங்க பொம்பளைங்க பூசுற மரப்பட்டைச் சாந்து, காஞ்சு கிடக்கு. அம்மாவைப் பார்த்ததும் அமே வா வா உக்காருன்னு தரையில பாய் போட்டு, காசு வாங்காத வெறும் டீயை ஊத்திக் குடுத்து, மூங்கில் குழாய்ல வேகவச்ச கவுக்னியின்ங்கிற ஒட்டரிசிச் சோத்தை உரிச்சுக் குடுத்தாங்க. செட்டிநாட்டுப் பக்கம் கவுனி அரிசின்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒரே பேரு தான்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. சாப்பிடச் சாப்பிட பாட்டி கதை சொல்றாங்க, புத்தர் குடுத்த ஒத்தை முடியை ஒரு ரிஷி தன்னோட சடைக்குள்ள வச்சிருந்தாராம், கடைசிக் காலத்துல ராஜாகிட்ட குடுத்து என் தலை மாதிரியே இருக்கிற கல்லுல இதை வையின்னாராம், தஜாமின் கடலுக்கு அடியில இருந்து அந்தக் கல்லைக் கண்டுபிடிச்சுக் குடுக்க, அது வந்த படகு பக்கத்துலயே கல்லா ஆயிருச்சாம். அந்த இடத்துக்கு சவுக்தன்பான்னு பேரு, சவுக்னா கல்லு, தன்பான்னா நம்ம சாம்பான் படகு. சைத்தியோங்கிறதே மோன் வார்த்தை தான், ரிஷி தலையில சுமக்கிற பயான்னு அர்த்தமாம்.

பாட்டி கடை ஓரத்து ரேஒஸின்ல மூணு பானைக்கு ஒண்ணு விரிசல் விட்டுக் கவுத்திக் கிடந்துச்சு. அம்மா அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, கிளம்புறப்போ இடுப்புல இருந்த சுருக்குப்பையை அவுத்து பர்மாக் காசு பத்தாயிரம் சாட் எடுத்து பாட்டி கையில வச்சு ஒரு பானை வாங்கி வைங்கன்னு சொன்னாங்க. சரி, இறங்கும்போது பேரு குடுத்துட்டுப் போன்னு பாட்டி சொன்னாங்க.

உச்சிக்குப் போய்ச்சேர மணி பதினொண்ணு ஆயிருச்சு. பெரிய சிங்கம் ரெண்டு நிக்கிற இடத்துல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனா அந்தக் கல்லு. எத்தனை போட்டோல பார்த்திருந்தாலும் நேர்ல பாக்கும்போது தொண்டையை அடைச்சிருச்சு, வெயில் பட்டு அப்படியே எரியுது.

ஆனா கல்லுகிட்ட பொம்பளைங்க போகக்கூடாது. சின்னப் பாலம் ஒண்ணு இருக்கு, அதைத் தாண்டி ஆம்பளைங்க மட்டும் தான் போயி ரேக்கு ஒட்டலாம். எனக்கு முன்னாடியே தெரியும், அம்மாவுக்கும் தெரியும், தெரிஞ்சு தான வேண்டினாங்க. இருந்தாலும் ஏழு மைல் முட்டியைப் புடிச்சிக்கிட்டு வந்த அம்மா வெளிய பாயில உக்காந்திருக்க, தம்பியும் சித்தப்பாவும் உள்ள போனதைப் பார்த்தப்போ எனக்குத் தாங்கல. நேர்த்தி வச்சது அம்மா, நடந்தது அம்மா, கடைசி பத்தடி மட்டும் அவங்களுக்குக் கிடையாதா? தப்புன்னு தான் இன்னைக்கும் நினைக்கிறேன், பக்தியோட தான் சொல்றேன். அம்மா ஒண்ணும் பேசல, ரேக்கை நெத்தியில ஒத்தி தம்பிகிட்ட குடுத்தாங்க, அவன் கையை எடுக்கிற வரைக்கும் கண்ணு சிமிட்டாம பார்த்தாங்க.

அப்புறம் ஷ்வெநன்சின் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த மலையைக் காக்கிறது ஒரு பொண்ணு தான், அது எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. ராஜாவோட ராணி, பொறந்த ஊருக்குப் போற வழியில புலி வந்து நிக்குது, கூட வந்த அப்பன் அண்ணன்லாம் ஓடிட்டாங்க, இவ மட்டும் பயாவையே பார்த்துக்கிட்டு அசையாம நின்னா, புலி ஒண்ணும் பண்ணாமத் திரும்பிப் போயிருச்சு. அதுக்கப்புறம் இவ மலைக்கு ஏறி வந்து அங்கயே உயிரை விட்டா, அதுல இருந்து அவ தான் காவல்னு கதை. படுத்திருக்கிற மாதிரி சிலை. உடம்புல எங்க வலிக்குதோ சிலைல அதே இடத்தைத் தடவிக் கும்புடுவாங்க. அம்மா அவ முட்டியை ரொம்ப நேரம் புடிச்சுவிட்டுக்கிட்டே இருந்தாங்க, காலு அமுக்கிவிடுற மாதிரி.

ராத்திரி அங்கயே பாய் வாடகைக்கு எடுத்துப் படுத்தோம். குளிரு எலும்பைத் தொடுது, சுத்தி மெழுகுவத்தி, விடிய விடிய ஓதுற சத்தம். 2021க்கு அப்புறம் நாட்டு நிலைமைல நாங்க அந்தப் பக்கமே போகல, அந்த ராத்திரியை நினைச்சா தான் இப்ப தூக்கம் வருதுன்னு அம்மா சொல்லுவாங்க. நிலைமை சரியாகி நீங்க போறதா இருந்தா, உடம்பு விட்டுக்குடுத்தா ஒரு தடவையாவது நடந்து போங்க, அதுவும் பொம்பளைங்க கண்டிப்பா நடந்து போங்க, அந்தப் பாதைல எந்த இடத்துலயும் நம்மளை யாரும் நிறுத்த மாட்டாங்க.

மறுநாள் தம்பியும் சித்தப்பாவும் லைன்கால இறங்கிட்டாங்க. அம்மா பானைக்குப் பேரு குடுக்கணும்னு நடந்தே இறங்கினாங்க, இறங்குறது ஏறுறதை விட முட்டிக்குக் கஷ்டம், என் தோள்ல கை போட்டுக்கிட்டு வந்தாங்க. பாட்டி ஒரு அட்டையும் பேனாவும் எடுத்து வச்சிருந்தாங்க, பெயிண்ட் அடிக்கிற பையன் வந்தா அதைப் பார்த்து அப்படியே எழுதிருவானாம். எங்க வீட்ல கோயில் உபயமானாலும் கல்யாண மொய்யானாலும் அப்பா பேரு தான் போடுவோம், அவர் போயி எட்டு வருஷம் ஆகியும் அப்படித் தான். நான் அப்பா பேரை எழுதப்போனேன். அம்மா பேனாவை வாங்கி, மெதுவா தமிழ்ல அவங்க பேரை எழுதிட்டு, பாட்டிகிட்ட குடுத்தாங்க.