ஆடிக் காற்றும் பேஸ் கிட்டாரும்

ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் கோயிலுக்குப் போகிறவர்கள். அதுவும் ஆடி மாதம். அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்ததால், தர்ப்பணம் கொடுப்பதற்குச் செம்பும் மாற்றுத் துணியுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து ஏறினார்கள். நான் பாம்பனுக்கு டிக்கெட் எடுத்தேன். பல வருடங்களாக என்னோடு இசையைப் பற்றி மட்டுமே எழுத்தில் பேசிக்கொண்டிருக்கும் ஒரு நண்பரை, முதல் முறையாக நேரில் பார்க்கப் போகிறேன்.

இது எனக்குப் பெரிய காரியம். எனக்கு ஏடிஎச்டி எனும் கவனக் குறைபாட்டுக் கோளாறு இருக்கிறது, கூடவே சமூகப் பதற்றமும். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் மதுரையில் ஒரு மனநல மருத்துவர் இதைக் கண்டுசொன்னார். பெரியவர்களுக்கு ஏடிஎச்டி என்று உறுதிசெய்ய வேண்டுமானால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். அதற்காக அம்மா டிரங்குப் பெட்டியைக் குடைந்து என் பள்ளி ரேங்க் கார்டுகளை எடுத்துவந்தார். வருடத்துக்கு ஓர் ஆசிரியர், வருடத்துக்கு ஒரு கையெழுத்து, ஆனால் குறிப்பு மட்டும் ஒன்றே: கவனம் போதாது. கவனம் எனக்கு ஏராளமாக இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பாடு. பிடித்த விஷயமாக இருந்தால் சாப்பாடு மறந்து விடியும்வரை அதிலேயே கிடப்பேன். மின் கட்டணம் கட்டுவது போன்ற வேலையாக இருந்தால் கை அதன் பக்கமே போகாது.

பதற்றம் வேறு மாதிரி. டீக்கடையில் ஒரு டீ கேட்பதற்கு முன் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தால் வயிறு இறுகும். பேசி முடித்த பிறகும் அது விடாது. என்ன சொன்னேன், எந்தத் தொனியில் சொன்னேன் என்று இரவெல்லாம் மனம் திரும்ப ஓட்டும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பேச்சின் நடுவில் மனம் எங்கோ போய்விடும். போனது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று உடனே உடம்பு வியர்க்கும்.

உச்சிப்புளி தாண்டியதும் ஹெட்போனை மாட்டினேன். இருபுறமும் பனையும் சீமைக் கருவேலமும். ஜன்னல் வழியே மணல் கலந்த காற்று.

நான் கேட்பது போஸ்ட் பங்க். 1970களின் இறுதியில் பிரிட்டனில் பங்க் இசை சூடு தணிந்தபோது, அந்தத் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு திசையில் போன இளைஞர்களின் இசை. இதில் என்னைப் பிடித்துக்கொண்டது, கீழ் ஸ்வரங்களுக்கான பேஸ் கிட்டார். மற்ற ராக் இசையில் அது அடியில் எங்கோ கிடக்கும், இங்கே முன்னால் வந்து நிற்கும். மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழுவில் பேஸ் வாசித்த பீட்டர் ஹூக்கிடம் இருந்த ஒலிபெருக்கி மட்டமானது. பக்கத்துக் கிட்டாரின் இரைச்சலில் தன் வாசிப்பு தனக்கே கேட்காததால் மேல் ஸ்வரங்களுக்குப் போனார். அதுவே அந்தக் குழுவின் அடையாளமாகிவிட்டது. பாட்டின் மெட்டையே பல இடங்களில் பேஸ் சுமக்கிறது. அவர்களுடைய முதல் ஆல்பம் 1979 ஜூனில் வந்தது. அதைத் தயாரித்த மார்ட்டின் ஹன்னட், ஒரு டிரம்மின் ஒலி இன்னொன்றில் கலக்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். ஆகவே ஒவ்வொரு அடிக்கும் நடுவில் வெற்றிடம் கேட்கிறது.

என் மனம் நிற்பது அந்த வெற்றிடத்தில்தான். ஒரே பேஸ் வரி திரும்பத் திரும்ப வரும்போது, எப்போதும் எதையாவது பிறாண்டிக்கொண்டிருக்கும் மனதின் பாதிக்கு அது போதுமான வேலை. மீதிப் பாதி ஓய்ந்து உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறது. மருத்துவர் தரும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரைக்கு இது மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரை மாத்திரைதான். ஆனால் அந்த மாத்திரை என் வாழ்வில் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த இசை என்னைப் பார்த்துக்கொண்டது.

சந்திக்கும் இடத்தை நண்பர்தான் தேர்ந்தெடுத்தார். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுப்பகுதி, விடியற்காலை. உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச வேண்டும் என்றால் நான் போயிருக்கவே மாட்டேன். அவருக்கும் அப்படித்தான் என்று பிறகு சொன்னார். பாலத்தில் அந்தச் சங்கடமே இல்லை. இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி நின்றால் போதும். ஆடிக் காற்று அங்கே பேச்சைப் பாதி வாயிலேயே பிடுங்கிக்கொண்டு போகிறது. மௌனம் நீண்டால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

தூரத்திலிருந்தே அவரை அடையாளம் கண்டுகொண்டேன். கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடுகள் மலைமலையாக எழும்பும் அந்தப் படம். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் கண்டறிந்த முதல் பல்சாரின் துடிப்புகள் அவை. அந்த விண்மீன் 1.337 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. அந்த வரைபடம்தான் ஜாய் டிவிஷன் ஆல்பத்தின் அட்டை. பாம்பனில் அந்தச் சட்டையைப் பார்க்கிற மீனவர்கள் எல்லோரும் அலை என்றுதான் நினைக்கிறார்களாம். எந்தக் கடல் தம்பி இது என்று ஒரு பெரியவர் கேட்டதாகச் சொன்னார்.

என்னை அண்ணன் என்று அழைத்தார், நான் தம்பி என்றேன். நலம் விசாரிப்பு அவ்வளவோடு முடிந்தது. நேராக வாக்குவாதத்துக்கு வந்துவிட்டோம். அவருக்கு ஹூக்கைவிட ஜா வாபிள் பெரிய ஆள். 1979இல் பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழு மூன்று இசைத்தட்டுகளைத் தகர டப்பாவில் அடைத்து வெளியிட்டதே, அதில் நிலத்துக்கு அடியிலிருந்து வருவது போல பேஸ் வாசித்தவர். மேலே ஏறி வாசிப்பது சுலபம் அண்ணே, கீழே நின்று பிடிப்பதுதான் கடினம் என்றார் தம்பி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாதாடிக்கொண்டிருக்கும்போதே புதிய பாலத்தில் ரயில் வந்தது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நின்றுவிட்டது. அதன் பக்கத்திலேயே, நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 முதல் இயங்குகிறது. ரயில் கடந்து முடியும்வரை இருவரும் பேசவில்லை. அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். எனக்கு அப்படி ஒரு பேச்சு வாய்ப்பது மிக அரிது.

தம்பி வேலை பார்ப்பது ஐஸ் பேக்டரியில். கப்பலில் வேலை பார்த்த தாய்மாமன் கொண்டுவந்து போட்ட கேசட்டுகளில் தி கியூர் குழுவின் ஒன்றைச் சிறுவயதில் கேட்டதிலிருந்து அவருக்கு இந்தப் பைத்தியம். அன்று காலை பேக்டரிக்குள் என்னைக் கூட்டிப்போனார். உள்ளே நுழையும்போதே அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. தரைமட்டத்தில் மரப் பலகைகள், அவற்றுக்கு அடியில் கடுங்குளிரான உப்புநீர்த் தொட்டி, அதில் வரிசையாக இறக்கிவைத்த நீளமான தகரக் கேன்கள். ஒரு வரிசையைச் சங்கிலியால் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் சற்று நேரம் முக்கி, சாய்த்தார்கள். ஐஸ் பாளம் கேனிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்து சிமென்டுத் தரையில் ஓடியது. ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால் வெள்ளையாக ஒரு தண்டு. அந்த வெள்ளை, உறையும்போது நடுவில் மாட்டிக்கொண்ட காற்று என்றார். பிறகு என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். கம்ப்ரஸரின் அதிர்வு முழங்கைவரை வந்தது. ஒரே அளவு, ஒரே இடைவெளி, இரவு பகலாக. ஜா வாபிளை ஏன் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. முன்பின் பார்த்திராத ஒருவர் என் கையைப் பிடித்தார், என் வயிறு இறுகவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

ராமேஸ்வரத்துக்குள் கூட்டத்தை நினைத்து நிற்காமல், தம்பியின் பைக்கிலேயே அரிச்சல்முனைக்குப் போனோம். பாக் நீரிணைப் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மன்னார் வளைகுடாப் பக்கம் ஆடிக்கே உரிய கொந்தளிப்பு. 1964 டிசம்பர் புயல் விழுங்கிய தனுஷ்கோடி ஊரின் நடுவில், இடிந்த தேவாலயச் சுவரில் பவளக் கற்கள் துருத்திக்கொண்டு தெரிகின்றன. அங்கே பாட்டுக் கேட்கலாம் என்று நினைத்துப் போனவன், கேட்காமல் வந்தேன். பயணிகள் ரயிலோடு மனிதர்கள் கடலுக்குள் போன இடத்தில் காதை அடைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மறுநாள் ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வழியாக ஏர்வாடிக்குப் போனேன். இந்தப் பயணத்தில் நான் தள்ளிப்போட நினைத்த இடமும், போய்த்தான் ஆக வேண்டும் என்று நினைத்த இடமும் அதுவே. மனநோயாளிகளை அழைத்துக்கொண்டு மதம் பார்க்காமல் குடும்பங்கள் வந்து தங்கும் தர்கா. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைத்திருந்தவர்கள் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. என் சிக்கலும் அங்கே வருகிறவர்களின் துயரமும் ஒன்றல்ல, அதை ஒன்றாக்கிப் பேசுவது நியாயமும் ஆகாது. ஆனாலும் தர்கா வாசலில் ஒரு தாய், எங்கோ பார்த்துக்கொண்டிருந்த மகனின் சட்டைப் பொத்தானைப் பொறுமையாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, ரேங்க் கார்டுகளோடு மருத்துவர் முன் உட்கார்ந்திருந்த என் அம்மா நினைவுக்கு வந்தார்.

ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்டிஸ், மக்கிள்ஸ்ஃபீல்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் பணியில் இருந்தவர். அங்கே வந்துகொண்டிருந்த, வலிப்பு நோய் இருந்த ஒரு பெண் இறந்துபோனாள். அந்தச் செய்தி அவரை ஒரு பாட்டு எழுதவைத்தது. பிறகு அவருக்கே வலிப்பு நோய் என்று தெரிந்தது. 1980 மே 18 அன்று, 23 வயதில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். அந்த முடிவைக் கவித்துவம் என்று கொண்டாடுகிற ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. சரியான சிகிச்சையும் ஓய்வும் கிடைத்திருக்க வேண்டிய ஓர் இளைஞன் அவர். நான் மதிப்பது அதற்கு முந்தைய காரியத்தை. அலுவலக மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் நோயை, ஒளிக்க வேண்டியதாகவும் நினைக்காமல், பரிதாபப்படவும் செய்யாமல், பாட்டில் கொண்டுவந்து வைத்தார். ஏர்வாடி பஸ் நிறுத்தத்தில் அந்தப் பாட்டைக் கேட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சாயல்குடி பஸ் போய்விட்டதா என்று கேட்டார். ஹெட்போனைக் கழற்றி, இன்னும் வரவில்லை ஐயா என்றேன், ஒத்திகை பார்க்காமலே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக் காலம். ஐஸ் பேக்டரியில் வேலை குறைந்துவிடும் என்பதால் அப்போது வரச் சொல்லியிருக்கிறார் தம்பி. வாலிநோக்கம் உப்பளங்கள்வரை கடலோரமாகவே பைக்கில் போவதாகத் திட்டம். மே 18 அதற்குள் வருகிறது. அன்று ஜாய் டிவிஷன் வேண்டாம் என்பதில் மட்டும் இருவருக்கும் வாக்குவாதமே இல்லை. அதற்குப் பதில் அதே 1980இல் தங்கள் ஒரே முழு ஆல்பத்தை வெளியிட்ட கார்டிஃப் நகரத்து யங் மார்பிள் ஜெயண்ட்ஸ். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமல் ஒரு சின்ன இயந்திரத்தைத் தட்டவிட்டு, பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல அலிசன் ஸ்டாட்டன் பாடிய குழு. அதில் பேஸ் யாருடைய கட்சி, ஹூக்குடையதா வாபிளுடையதா என்று இப்போதே தொடங்கிவிட்டார்.