ரிமோட் யார் கையில்?

இன்று மத்தியானம் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை. வெளியே ரோட்டில் தார் இளகிக்கொண்டிருக்கிறது. உள்ளே துணி எடுத்துப் போடும் பெண் ஸ்வெட்டர் அணிந்திருக்கிறாள்.

ஸ்வெட்டரின் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் சேலையை விரித்துக் காட்டினாள். மேலே ஏசியில் 18.

2020 முதல் நட்சத்திரக் குறியீட்டோடு விற்பனைக்கு வரும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். ஆனால் பொத்தானை ஆறு முறை அமுக்கிக் கீழே கொண்டுவர யாருக்கும் விரல் வலிப்பதில்லையே!

கொஞ்சமாவது வலிக்க வேண்டும்.

லண்டனில் ஒரு வடிவமைப்பாளர் குளியலறைத் திரை ஒன்றைச் செய்தார். சில நிமிடங்களுக்கு மேல் ஷவரில் நின்றால், திரையிலுள்ள முட்கள் காற்றடைத்து உப்பி ஆளை வெளியே விரட்டும். தண்ணீரை வீணாக்குகிறவர் மேலேயே குத்துகிறது பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே ரிமோட் முதலாளி கையில். நடுக்கம் அந்தப் பெண்ணுக்கு.

24-க்குக் கீழே இறக்கியவரே அரைமணிக்கு ஒருதரம் எழுந்து வந்து சுவர்ப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் என்று ஓர் ஏசி வரட்டும். நோயாளி படுத்திருக்கும் அறைக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.