63 பவுண்டு

ஏப்ரல் 9, 2025

பிரிட்டனின் சுகாதாரப் பணியாளர் விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் இன்று முதல் 23,200 பவுண்டிலிருந்து 25,000 பவுண்டாக உயர்கிறது. விசாக் கட்டணமும் 304 பவுண்டு ஆகிறது. அதை எப்படியாவது கட்டிவிடலாம். என்னை அச்சுறுத்துவது ஊதிய வரம்புதான். என்னைச் செவிலியராக எடுக்கும் அங்குள்ள மருத்துவமனை, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேறி, செவிலியர்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி. அமைப்பின் பதிவு எண் பெறும் வரை பேண்ட் 3 என்ற ஊதிய நிலைதான் என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கிறது. பேண்ட் 3-இன் தொடக்க ஊதியம் 24,071 பவுண்டு. பதிவுக்குப் பிறகு கிடைக்கும் பேண்ட் 5 ஊதியம் அந்த வரம்பைத் தாண்டுகிறது என்பது உண்மைதான், ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தால்தானே பதிவு? மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 11

பதில் இல்லை.

ஏப்ரல் 15

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அப்பா வீட்டில் இருக்கிறார் என்றால் கேள்விகளும் வீட்டில் இருக்கின்றன. ஸ்பான்சர் என்றால் யார் என்று கேட்டார். வேலை கொடுக்கும் மருத்துவமனைதான் ஸ்பான்சர் என்றும், அவர்கள் வழங்கும் சான்றிதழின் எண் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்றும், போன பிறகு வேறு மருத்துவமனைக்கு மாற நினைத்தால் புதிய சான்றிதழ் பெற்று மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் விளக்கினேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, முன்பணம் வாங்கிய ஆள் அந்தப் படகைவிட்டு இறங்க முடியாததைப் போலவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை.

ஏப்ரல் 24

இராமநாதபுரத்தில் ஒரு முகவரைப் பார்த்து வரும்படி அம்மா வற்புறுத்தியதால் பணி முடிந்ததும் போனேன். சான்றிதழை ஒரே மாதத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்லி 4 லட்சம் ரூபாய் கேட்டார். குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பிரிட்டன் அரசின் நெறிமுறையோ, வேலை தேடும் செவிலியரிடம் ஆள் சேர்ப்புக்காக ஒரு காசும் வாங்கக் கூடாது என்கிறது. இரண்டையும் சொன்னேன். அதெல்லாம் காகிதத்தில் இருப்பது என்றார். என்னைப் பொறுத்தவரை அந்தக் காகிதம்தான் பாதுகாப்பு. அதை மீறிப் போனவர்களின் கதைகள் இந்தக் கடற்கரை ஊர்களில் ஏராளம். அம்மாவிடம் கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

மே 2

பதில் வந்தது. ஊதிய நிலை பரிசீலனையில் இருக்கிறதாம்.

மே 12

வார்டில் எல்லோரும் செவிலியர் தினத்துக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பிரிட்டன் அரசு குடியேற்ற வெள்ளை அறிக்கையை வெளியிட்டிருக்கிறது. நிரந்தர வசிப்புரிமைக்கு இப்போதுள்ள 5 ஆண்டுக் காத்திருப்பை 10 ஆண்டாக்கப் போவதாகவும், முதியோர் போன்றோரைக் கவனிக்கும் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதையே நிறுத்தப் போவதாகவும் அதில் சொல்லியிருக்கிறார்கள். பட்டப்படிப்பு நிலைப் பணியாகக் கருதப்படுவதால் செவிலியருக்கான வழி திறந்தே இருக்கும். அந்த ஒரு வரியைப் படித்ததும் வந்த நிம்மதி நீடிக்கவில்லை. 10 ஆண்டுகள் என்றால், அவ்வளவு காலமும் என் இருப்பு வேலை தருபவரின் ஸ்பான்சர் உரிமத்தோடு கட்டப்பட்டிருக்கும். வார்டில் ஆள் பற்றாக்குறையையோ மருந்து கொடுப்பதில் நடந்த தவறையோ துணிந்து சொல்ல வேண்டிய இடத்தில் அந்தக் கட்டு ஒரு செவிலியரின் வாயை அடைத்துவிடாதா? நோயாளியின் பாதுகாப்புக்கே இது கேடு என்று நான் நினைக்கிறேன். இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

மே 13

இரவுப் பணி.

மே 22

இங்கிலாந்தில் செவிலியர் உள்ளிட்டோருக்கு 3.6 விழுக்காடு ஊதிய உயர்வு அறிவித்திருக்கிறார்கள். ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டுத் தருவார்களாம். பேருந்தில் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். பேண்ட் 5 தொடக்க ஊதியம் 31,049 பவுண்டு. பேண்ட் 3 தொடக்க ஊதியம் 24,937. வரம்பு 25,000. பாம்பன் பாலத்தைக் கடந்தபோது இன்னொரு முறை கழித்துப் பார்த்தேன். 63 பவுண்டு குறைகிறது.

மே 23

ஆண்டுக்கு 63 பவுண்டு என்பது நம் பணத்தில் 7,000 ரூபாய்க்குச் சற்று மேல். மருத்துவப் பணியாளருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் மூன்று பிரிவுகளில் பி நிலையும் எழுத்தில் சி பிளஸும் பெற்றாகிவிட்டது. செவிலியர் பதிவுக்கான கணினித் தேர்வுக்கு 83 பவுண்டும் என்.எம்.சி. விண்ணப்பத்துக்கு 140 பவுண்டும் கட்டியாகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு இந்தத் தொகைக்காக நிற்கிறேன்.

ஜூன் 5

கல்லூரியில் எனக்கு மூத்தவரான அக்கா தொலைபேசியில் அழுதார். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர். ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பிரிவு மட்டும் கைகொடுக்காததால் பராமரிப்புப் பணியாளர் விசாவில் போனார். அவரை எடுத்த நிறுவனத்தின் ஸ்பான்சர் உரிமத்தை அரசு ரத்து செய்துவிட்டது. விசாக் காலத்தைக் குறைத்துக் கடிதம் வந்தால் அன்றிலிருந்து 60 நாட்களுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும், இல்லையென்றால் நாடு திரும்ப வேண்டும். இங்கிலாந்தில் பராமரிப்பு நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து புதியவர்களை எடுப்பதற்கு முன்னால் இப்படி வேலை இழந்தவர்களை எடுக்க முயன்றாக வேண்டும் என்ற விதி ஏப்ரல் 9 முதல் நடப்பில் இருக்கிறது. அதைச் சொன்னேன். எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் கார் ஓட்டும் உரிமம் இருக்கிறதா என்றே முதலில் கேட்கிறார்களாம். ஆங்கிலத் தேர்வை மீண்டும் எழுதுங்கள், செவிலியராகப் பதிவு செய்யும் வழியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். மகனுக்காகவே அவர் போனார், ஆனால் 2024 மார்ச் மாதத்துக்குப் பிறகு போனவர் என்பதால் அவனை அழைத்துக்கொள்ள முடியவில்லை. அவனுக்கு இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு.

ஜூன் 15

அப்பா கடலுக்குப் போயிருக்கிறார். மருத்துவமனையிலிருந்து செய்தி இல்லை.

ஜூன் 19

ஜெர்மனிக்கு முயலலாமே என்கிறாள் உடன் பணிபுரிபவள். அங்கே செவிலியராக அங்கீகாரம் பெற பி2 நிலை ஜெர்மன் வேண்டும். புதிய மொழியை எழுத்திலிருந்து தொடங்கும் தெம்பு இன்று எனக்கு இல்லை. ஆனாலும் சென்னையில் இருக்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்க வேண்டும். தனியார் முகவரைவிட அது மேல்.

ஜூலை 1

விதிமாற்றங்களை நாடாளுமன்றத்தில் வைத்துவிட்டார்கள். ஜூலை 22 முதல் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக யாரும் விண்ணப்பிக்க முடியாது; ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் 2028 ஜூலை வரை விசா மாறிக்கொள்ளலாம். மற்ற திறன் பணிகளுக்கு ஊதிய வரம்பு 41,700 பவுண்டாகிறது. எங்களுக்கான வரம்பு 25,000-இலேயே நிற்கிறது. இரண்டு முறை படித்து உறுதிசெய்துகொண்டேன்.

ஜூலை 9

திருத்திய நியமனக் கடிதம் வந்துவிட்டது! பதிவு எண் கிடைக்கும் வரை பேண்ட் 4, ஆண்டுக்கு 27,485 பவுண்டு. அம்மா கோவிலுக்குப் போய்விட்டார். எனக்கு எழுதக் கை ஓடவில்லை.

ஜூலை 17

சான்றிதழில் சேர்க்கப்போகும் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தமிழ்நாடு செவிலியர் மன்றப் பதிவில் என் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டுமே இருக்கிறது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுமையாகக் குடும்பப்பெயர் என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டு பெயர்களும் ஒருவருடையவையே என்று நோட்டரியிடம் வாங்கி வைத்திருந்த உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

ஜூலை 24

ஸ்பான்சர் சான்றிதழின் எண் வந்துவிட்டது. மூன்று மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 12 வாரங்களுக்குள் முதல் ஆஸ்கி, 8 மாதங்களுக்குள் பதிவு. காசநோய்ப் பரிசோதனைக்குச் சென்னை போக வேண்டும். அந்தச் சான்றிதழ் 6 மாதங்களுக்குத்தான் செல்லும் என்பதால் இவ்வளவு நாள் எடுக்காமல் வைத்திருந்தேன். நாளை இரவு ரயில். அக்காவுக்கு எண் வந்ததை இன்னும் சொல்லவில்லை. அவருக்கு 60 நாள் கடிதம் போன வாரம்தான் வந்திருக்கிறது. சென்னையிலிருந்து பேசுகிறேன். ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாரா என்று முதலில் கேட்க வேண்டும்.