சீவாளியில் பிறந்த பூச்சி

கையில் காசில்லாமல் திகில் படம் எடுக்கும்போது முதலில் அடிவாங்குவது பூதம்தான். சாப்பாட்டை வீட்டில் சமைத்துக் கொண்டுவரலாம், உடைகளை இரவல் வாங்கலாம், பூதத்தைப் பாதியாகத்தான் செய்ய முடியும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் ஒலிப்பதிவு பார்த்த படத்திலும் அப்படித்தான் ஆயிற்று. கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு இரவில் வேனில் திரும்பும் ஒரு நாதஸ்வர, தவில் குழு, டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. உள்ளே ஒரு பக்கி வண்டி (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) அளவுக்கு வளர்ந்த பூச்சிகள். திகில், கூடவே சிரிப்பு. கதை அவ்வளவுதான்.

பூச்சிக்கு மாதிரி, ஜோஹன்னஸ்பர்க் வீடுகளில் பெரியவர்களே அலறும் பார்க்டவுன் ப்ரான். பெயர்தான் இறால், உண்மையில் அது சில்வண்டுக்குச் சொந்தக்காரப் பூச்சி. ஆறேழு சென்டிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். தோட்டத்து நத்தைகளைத் தின்னும். சீண்டினால் எகிறிக் குதிக்கும், நாற்றமடிக்கும் கறுப்புத் திரவத்தைப் பீய்ச்சும். இயக்குநர் அந்த ஊரில் வளர்ந்தவர், அவருக்கு அதைக் கண்டால் இன்றும் நடுக்கம். எழுதியவரே பயப்படும் பூச்சி என்பது ஒரு படத்துக்குப் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

1957-ல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தில், சிகாகோ கட்டடங்களின் புகைப்படங்கள் மேல் நிஜ வெட்டுக்கிளிகளை நடக்கவிட்டு, ஊருக்குள் ராட்சதப் பூச்சிகள் புகுந்ததாகக் காட்டினார்கள். எங்களுக்கு அதுவும் ஒத்துவராது. எங்கள் பூச்சி ஆட்களைத் தொட வேண்டும், தவிலை உருட்டிவிட வேண்டும். அதனால் ஸ்பாஞ்ச், பிளாஸ்டிக் பைப், தூண்டில் நரம்பு இவற்றை வைத்து ஒரு தலையும் இரண்டு முன்னங்கால்களும் ஒரு பக்கத்து வயிறும் செய்தார்கள். மீதி உடம்பு முழுக்க என் பொறுப்பு.

படப்பிடிப்பு ஆடி மாதத்தில். ஆடியில் கல்யாணம் கிடையாது, மேளக் கலைஞர்களுக்கு இரவுகள் ஓய்வு. ஆனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் அந்த மாதத்தில்தான். சனி ஞாயிறென்றால் ஏதாவது ஒரு கோயிலில் மேளம் இருக்கும், அந்த நாட்களை நாங்கள் தொடவே இல்லை. இங்கே ஆடி என்பது குளிர்காலம். கதையோ டிசம்பரில் நடக்கிறது. டர்பன் கோடையில் மரத்துக்கு மரம் சிக்காடாக்கள் கத்தும், கிறிஸ்துமஸ் பீட்டில் என்று ஊரில் சொல்வார்கள். ஆடியில் அவை இல்லை. காய்ந்த கரும்புச் சோகையின் சரசரப்பு மட்டும். கரும்பு வெட்டும் பருவம் வேறு. வெட்டுவதற்கு முன் தோட்டத்துக்குத் தீ வைப்பது இங்கே வழக்கம். பக்கத்துத் தோட்டம் எரிந்த மறுநாள் மைக்கின் உறையெல்லாம் கரி. இருந்தாலும் அந்த அமைதி எனக்கு நல்லதாகவே போயிற்று. ஜெனரேட்டரைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்குத் தள்ளி, நீளமாக வயர் இழுத்துவிட்டால் சுத்தமான இரவு கிடைத்தது. சிக்காடாவை டிசம்பரில் தனியாகப் பதிவு செய்து சேர்த்துக்கொண்டோம்.

பூச்சியின் குரலுக்கு நிஜச் சில்வண்டின் ஒலியை எடுத்து மெதுவாக்குவதுதான் எல்லோரும் செய்வது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும், கால்வாசியாக்கினால் இரண்டு. உடம்பு பெருத்தால் குரல் தடிக்கும் என்று காது தானாக நம்பிவிடும். ஆனால் சில்வண்டின் ஒலி நாலைந்தாயிரம் ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஒற்றைச் சுரமாக நிற்பது. இறக்கினால் முரட்டுத்தனம் வராது, யாரோ புல்லாங்குழல் ஊதுகிற இனிமைதான் வரும். அதை வைத்து யாரையும் பயமுறுத்த முடியாது.

வழி காட்டியது நாதஸ்வரம் வாசித்த ஐயா. காட்சிக்கு இடையில் அவர் நாதஸ்வரத்தின் ஊதும் முனையில் செருகும் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஈரப்படுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாணலில் செய்த சின்னஞ்சிறு பொருள் அது, விரலிடுக்கில் மறைந்துவிடும். குழலில் செருகாமல் தனியாக ஊதும்போது எழும் கீச்சொலியில் ஏகப்பட்ட மேல் சுரங்கள் உரசிக்கொண்டு கிடக்கும். ஹெட்போனில் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. “ஐயா, அதையே இன்னொரு தடவை, மூச்சை நிறுத்தி நிறுத்தி” என்றேன். அன்றிரவே அதை இரண்டு ஸ்தாயி இறக்கிப் பார்த்தேன். அடித்தொண்டையில் கிழிபடும் ஒரு குரல். எவ்வளவு இறக்கினாலும் கரகரப்பு போகவில்லை. பூச்சி அங்கேதான் பிறந்தது.

கால்களைத் தவில் அண்ணன் கொடுத்தார். வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகளால் தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையை அடிக்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒவ்வொரு விரலாக நகர்த்தினார். கெட்டியான கூடு தோலில் பதிந்து இழுபடும் அந்தச் சத்தம், கொக்கிக் கால்கள் தகரத்தின் மேல் ஏறுவதாகவே கேட்டது. வேன் கூரை மேல் பூச்சி நடக்கும் காட்சி முழுக்க அவருடைய ஐந்து விரல்கள்தான். இன்றைக்கும் படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

அப்புறம் மூச்சு. பூச்சி முகத்துக்கு நேரே வந்து உறுமலாக மூச்சுவிடும் என்று திரைக்கதையில் இருந்தது. பூச்சி வாயால் மூச்சுவிடாது. நுரையீரல் கிடையாது. உடலின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் துளைகள் வழியே காற்று நேராக உள்குழாய்களுக்குப் போகும். சொல்லப்போனால், பூச்சிகள் பக்கி அளவுக்கு வளராமல் இருப்பதற்கு இந்த ஏற்பாட்டையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். காற்றில் ஆக்ஸிஜன் இன்றைவிட அதிகமிருந்த, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில்கூட, பெரிய தும்பியினப் பூச்சியின் இறக்கை விரிப்பு முக்கால் மீட்டரை எட்டவில்லை. மடகாஸ்கர் கரப்பான் ஒன்று இந்தத் துளைகள் வழியே காற்றைத் தள்ளிச் சீறும். அதை இயக்குநரிடம் சொன்னேன். முகத்தை விட்டுவிட்டோம். ஒரு பக்கத்து வயிறுதானே செய்து வைத்திருந்தோம்? குழு சோகைக்கடியில் படுத்திருக்க, அந்த வயிறு மெல்ல அவர்களைக் கடந்துபோகிறது. ஒவ்வொரு துளையாகச் சீறல் இடமிருந்து வலமாக நகர்கிறது. முடிந்தது என்று மூச்சு விடும்போது இன்னொரு துளை. உயிரியல் உண்மை ஒன்றை மதித்ததால் எங்களுக்குக் கிடைத்த காட்சி அது.

சிரிப்புதான் கடைசிவரை படுத்தியது. “கொஞ்சம் காமெடியாகப் பயப்படுங்கள்” என்று இயக்குநர் சொல்லச் சொல்ல, கலைஞர்கள் கண்ணை உருட்டினார்கள், கையை உதறினார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தவில் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். “தம்பி, சத்தத்தைத் தோட்டத்துக்குள்ளிருந்து நிஜமாகவே விடுங்கள். எப்போது விடப்போகிறீர்கள் என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள்.” ஸ்பீக்கரை உள்ளே கொண்டுபோய் மறைத்து வைத்தோம். சத்தம் எழுந்ததும் தாளம் போடும் பையன் வேனுக்குள் பாய்ந்தான். ஐயா ஓடவில்லை. நாதஸ்வரத்தை மார்போடு அணைத்து, குழலில் தொங்கிய உபரிச் சீவாளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, வாசித்துக்கொண்டிருந்த சீவாளியைப் பதமாகக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, அதற்கப்புறம்தான் ஓடினார். அவர் நடிக்கவில்லை, பயமும் நிஜம், அந்தக் கவனமும் நிஜம். எங்கள் குழுவில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு காட்சியிலும் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் முதலில் எதைக் காப்பாற்றுவார்?

எடிட்டிங்கிலும் அண்ணன் வந்து உட்கார்ந்தார். படம் வெட்டும் அதே நொடியில் பூச்சியின் குரலைப் போட்டிருந்தோம். அவர் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே பார்த்தார். “சமத்தில் விழுகிறது தம்பி. எல்லோரும் அங்கேதான் காத்திருக்கிறார்கள். தள்ளி எடுங்கள்.” சமம் என்றால் தாளம் தொடங்கும் இடம். பயத்தை அரை மாத்திரை நேரம் தள்ளினோம், சிரிப்பு வர வேண்டிய இடங்களில் ஒலியை வெட்டுக்குச் சற்று முன்பே எடுத்தோம். எடுப்பு, அதாவது ஒலி தொடங்கும் இடம், மாறியதும் காட்சியே வேறாகிவிட்டது. கச்சேரி மேடையில் வாழ்நாளெல்லாம் சபையைக் கவனித்தவருக்கு இது கை வந்த கலை. எந்த சாஃப்ட்வேரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு ஹாலில் முதலில் போட்டுக் காட்டினோம். முன்வரிசையில் ஆயாமார், பின்னால் பிள்ளைகள். தமிழ் வசனம் பிள்ளைகள் பலருக்குப் புரியாது, ஆங்கில எழுத்து கீழே ஓடியது. சீவாளியைக் கழற்றும் இடத்தில் இரு தரப்பும் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்த ஒலியைக் கேட்டு நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

டைட்டிலில் ஒரு சிக்கல் இருந்தது. ஐயாவுக்கும் அண்ணனுக்கும் ‘நடிப்பு’ என்று பெயர் வந்தால் போதும் என்றார்கள். பூச்சியின் குரலும் காலும் அவர்களுடையவை, ‘ஒலி’ என்ற அட்டையில் என் பெயருக்கு மேலே அவர்கள் பெயர் வர வேண்டும் என்று நான் விடாமல் நின்றேன். வந்தது. இப்போது அடுத்த படத்துக்குப் பேச்சு நடக்கிறது, இந்தத் தடவை குளவிகள். பட்ஜெட் தாளில் மேளக் கலைஞர்களின் ஒலிப்பதிவுக் கூலியை நடிப்புக் கூலியோடு சேர்க்காமல் தனி வரியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி இருந்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.