சுவான்சோவில் பூ வைத்த நாள்

பௌத்தக் கோயிலின் பின்பக்கத் தூணில் கண்ணன் மரமேறி உட்கார்ந்திருந்தான். கீழே கோபியர் சேலையைக் கேட்டு நிற்கிறார்கள். சீனாவின் ஃபூஜியான் மாகாணம், சுவான்சோ நகரம், கையுவான் கோயில். ஊதுவத்திப் புகை, சீன மந்திரம், குழந்தைகளோடு சுற்றிப் பார்க்க வந்த கூட்டம். இதற்கு நடுவில் அவனைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று பேர் வந்திருந்தோம்: நான், என் அலுவலகத் தோழி, அவள் அம்மா. "யார் இவன், ஏன் மரத்தில் இருக்கிறான்?" என்று அம்மா கேட்டார். கதையைச் சொன்னேன். "சாமி செய்கிற வேலையா இது!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் ஊர்ப் பாட்டிகளும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள் என்றேன். அப்புறம் அவர் விடவில்லை. தூணைச் சுற்றி வந்து, அதில் செதுக்கிய ஒவ்வொரு வட்டச் சிற்பத்துக்கும் கதை கேட்டார். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், உரலோடு இழுத்து இரட்டை மரத்தைச் சாய்த்த குழந்தை. என் அம்மா சோறு ஊட்டும்போது சொன்ன கதைகளை ஒரு சீனத்து அம்மாவுக்கு அவர் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் சீனம் அன்றுபோல் என்றைக்கும் சரளமாக வந்ததில்லை.

கையுவான் கோயில் 686இல் தொடங்கப்பட்டது. அதன் இரண்டு கல் கோபுரங்களைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள், நாற்பது மீட்டருக்கு மேல் உயரம். பின்பக்கத்துத் தூண்கள் வேறிடத்துக் கற்கள். மங்கோலியர் ஆட்சிக் காலத்தில் தமிழ் வணிகர்கள் இந்த ஊரில் கட்டிய கோயில் பிற்பாடு அழிந்துபோக, அடுத்து வந்த மிங் அரசர்கள் காலத்தில் பௌத்தக் கோயிலைப் பழுதுபார்த்தவர்கள் அந்தக் கற்களை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். இதே ஊரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலத்துக்காக இறைவனை எழுந்தருளச் செய்தார் என்று தமிழில் சொல்லி, கடைசியில் சீன எழுத்தில் ஒரு வரி. அந்நிய ஊரில் பிழைக்க வந்தவர், ஆளும் அரசனின் நலத்துக்குத் தன் சாமியிடம் வேண்டிக்கொள்கிறார். விசா புதுப்பிக்கும் மாதத்தில் அவரை நினைத்துக்கொள்வேன்.

நான் நாகப்பட்டினத்துப் பெண். அதனால் இந்தக் கல் எனக்கு அருங்காட்சியகப் பொருளாக மட்டும் தெரியவில்லை. 1267இல் சீனர்கள் எங்கள் ஊரில் ஒரு செங்கல் கோபுரத்தைக் கட்டி முடித்து, சீன எழுத்தில் ஆண்டையும் பொறித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அங்கே போய் வந்த வாங் தாயுவான் என்ற சீனப் பயணி இதை எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் அங்கே கட்டிப் பதினான்கு ஆண்டுகளில் நம்மவர் இங்கே கட்டியிருக்கிறார்கள். ஒரே கடல், ஒரே காற்று. தெற்கே போக ஒரு பருவம், வடக்கே திரும்ப ஒரு பருவம், நடுவில் காற்று மாறும்வரை துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களுக்குச் சாமி வேண்டியிருந்திருக்கும், சோறும் வேண்டியிருந்திருக்கும்.

மதியம் லோயாங் பாலம். 1059இல் கட்டி முடித்தது. கற்கள் அலையில் நகராமல் இறுகட்டும் என்று தூண்களில் சிப்பிகளை வளரவிட்டார்களாம். நல்ல வெயில், வேகமாக நடந்து திரும்பினோம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஷுன்பு கிராமத்துக்காகத்தான்.

சுவான்சோவை ஒட்டிய மீனவர் ஊர் அது. பெரிய பெரிய சிப்பி ஓடுகளைப் பதித்துச் சுவர் எழுப்பிய பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாசலில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த வயதான பெண்களின் தலையைப் பார்த்தேன். கொண்டையைச் சுற்றி வரிசை வரிசையாகப் பூ, நடுவே குறுக்காக ஒரு நீளக் குச்சி. திருவிழாவோ கல்யாணமோ கிடையாது, சாதாரண நாள். கையில் சிப்பி நாற்றம், தலையில் மல்லிகை. நாகை மீன் சந்தையில் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் தலையில் நான் பார்த்து வளர்ந்த அதே பூ.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இருந்த பெரிய குறை பூதான். அரிசி கிடைத்தது, பருப்பு கிடைத்தது, கறிவேப்பிலைக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. பூ மட்டும் இல்லை. இத்தனைக்கும் ஃபூஜியான் மல்லிகைக்குப் பேர்போன மாகாணம், தலைநகர் ஃபூசோவின் நகரமலரே அதுதான். இங்கே அதைத் தேயிலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிற்பகலில் பறித்த மொட்டு இரவில் விரியும்போது தேயிலையோடு கலந்து வைத்து, வாசம் இறங்கியதும் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். உயர்ந்த வகைக்கு இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். தேநீர் அருமையாகத்தான் இருக்கிறது, தினமும் குடிக்கிறேன். ஆனாலும் சலித்துக் கொட்டிய அத்தனை பூவையும் நினைத்தால் மனசு ஆறாது. எத்தனை முழம்!

ஷுன்புவில் இப்போது சுற்றுலாக் கூட்டம் அதிகம். கடைக்குக் கடை பூ வைத்துவிட்டுப் படம் எடுத்துத் தருகிறார்கள், பெரும்பாலும் துணிப்பூ. அது எனக்கு வேண்டாம், வாசம் உள்ள பூதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதால், தோழியின் அம்மா தெருத்தெருவாக விசாரித்து ஒரு பாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனார். அன்று எங்களுக்கு ஆடி வெள்ளி என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பாட்டி என் முடியை இழுத்துக் கட்டி, நூலில் கோத்த மல்லிகை மொட்டுகளைச் சுற்றி வைத்தார். இந்தப் பிறவியில் பூ வைத்தால் அடுத்த பிறவியில் அழகாகப் பிறப்போம் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு, அதையும் சொன்னார்.

எல்லாம் பழகிவிட்டது, செட்டில் ஆகிவிட்டேன் என்று என் அம்மாவிடம் போனில் அடிக்கடி சொல்வேன். பொய்யும் இல்லை. காலையில் மெல்லிய சேமியாக் கஞ்சி சாப்பிடுகிறேன், கோடையிலும் வெந்நீர் குடிக்கிறேன், சின்னக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி உபசரிக்கத் தெரியும். ஆனால் அந்த மொட்டுகளின் வாசம் பின்கழுத்தில் இறங்கியதும் நான் நீலாயதாட்சி அம்மன் கோயில் வாசலில் இருந்தேன். ஆடிப்பூரத்துக் கூட்டம். பூக்காரம்மா கையை நீட்டி முழம் போட்டு, கடைசியில் கொசுறாக இரண்டு கண்ணி விட்டு நறுக்குகிறார். பாட்டி ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. தோழி தொட்டு எழுப்பினாள்.

அவளும் வைத்துக்கொண்டாள், அவள் அம்மாவும் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் பூவோடு ரயிலேறினோம். பெட்டியில் யாரும் எங்களை வித்தியாசமாகப் பார்க்கவில்லை, எதிரே இருந்த நான்கு பெண்களும் ஷுன்புவிலிருந்துதான் வந்திருந்தார்கள்.

"உங்கள் ஊருக்கு ஒருமுறை வர வேண்டும். அந்தச் சீனக் கோபுரத்தைக் காட்டுவாயா?" என்று தோழியின் அம்மா கேட்டார். அதற்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. புதுவெளி கோபுரம் என்று ஊரார் சொன்ன மூன்றடுக்குக் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் நின்றது. சீனர் கட்டியது அதுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. 1867இல் இடித்துவிட்டார்கள். அங்கே மண்ணில் கிடைத்த புத்தர் வெண்கலச் சிலைகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் கற்கள் இங்கே இன்றைக்கும் கூரையைத் தாங்கி நிற்க, அவர்கள் செங்கல்லில் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. முதலில் எழும்பூர், அப்புறம் நாகைக்கு ரயில் என்று தோழி போனில் வழியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஆடிப்பூரத்துக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.