ஹா ஜாங் மலைக்குப் பைக்கில போறவங்க பெர்மிட்டில கிடக்கிற வருசத்தைப் பாத்துட்டுப் போங்க

வியட்நாம் விசா, டிக்கெட், ஹனோய்ல இருந்து ஹா ஜாங்குக்கு ராத்திரி பஸ், இதுகளில ஒரு கரைச்சலும் இல்ல. இ-விசா 25 டொலர், ஒன்லைன்ல போட்டா வந்துரும். கரைச்சல் முழுக்க ஹா ஜாங் டவுன்ல பைக்கை எடுத்த புறகுதான்.

விசயம் இதுதான். நம்மட லைசன்ஸைக் காட்டி கொழும்புல எடுக்கிற இன்டர்நெஷனல் பெர்மிட் 1949 ஜெனீவா வீதிப் போக்குவரத்து ஒப்பந்தத்துப் பெர்மிட். வியட்நாம்காரன் ஏத்துக்கிறது 1968 வியன்னா ஒப்பந்தத்துப் பெர்மிட்டை மட்டும். ரெண்டும் பாக்க ஒரே மாதிரிப் புத்தகம், அட்டையில கிடக்கிற வருசம்தான் வித்தியாசம். டிக்கெட் போட்டுத் தந்த ஏஜென்டுக்கிட்ட இதைத் துருவித் துருவிக் கேட்டன், "அண்ணன், இந்தப் புத்தகம் இருந்தா உலகம் பூரா ஓடலாம்" எண்டான். ஹா ஜாங்ல வாடகைக் கடையில இருந்த பொடியனுக்கிட்டயும் பெர்மிட்டை விரிச்சுக் காட்டினன், அவன் போட்டோ எடுத்துட்டு "நோ ப்ராப்ளம்" எண்டு ஹெல்மெட்டைக் கையில தந்துட்டான்.

ஹொண்டா வேவ் 110, கிளச் இல்லாத கியர் பைக். நானும் மச்சானும் வெள்ளாப்பில கிளம்பி குவான் பா பக்கம் போய்க்கிட்டு இரிக்கிற நேரம் பொலிஸ் மறிச்சாங்க. அந்த ஐயா சத்தமே போடல்ல, பெர்மிட்டை வாங்கி அட்டையில 1949 எண்ட இடத்தில விரல வச்சு என்னைப் பாத்தார், மறுகா போன்ல டிரான்ஸ்லேட்டரைத் தட்டிக் காட்டினார்: செல்லாது. 2025 ஜனவரில இருந்து அங்க புதுச் சட்டம், 125 சிசி வரைக்குமான பைக்கை லைசன்ஸ் இல்லாம ஓடினா 20 லட்சத்தில இருந்து 40 லட்சம் டொங் வரைக்கும் தண்டம். லட்சம் எண்டதும் மச்சானுக்கு முகம் வெளிறிட்டு, நம்மட காசில குறைஞ்ச தண்டம் 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடத்தான் எண்டு கணக்குப் பாத்த புறகுதான் மூச்சு வந்த. ஆனா காசு கட்டினதோட விடல்ல, அதே பைக்கில மேல போக ஏலாது எண்டுட்டாங்க. கடைக்காரனுக்கு கோல் எடுத்தா எடுக்கிறானே இல்ல. பகல் முழுக்க ரோட்டோரம் குந்திக்கிட்டு இருந்து, பொழுது படுற நேரம் ஆள் வந்து பைக்கை ஏத்திக்கிட்டுப் போறான், தண்டம் உங்கட பொறுப்பாம்.

இதில இன்னொண்டும் இரிக்கி, ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. செல்லாத பெர்மிட்டோட ஓடி விழுந்தா டிரவல் இன்சூரன்ஸும் தர மாட்டான்.

வழி சொன்னது ராத்திரி தங்கின வீட்டு அக்காதான். வியட்நாம்ல 50 சிசிக்குக் குறைஞ்ச பைக்குக்கு லைசன்ஸே தேவல்ல, 16 வயசு போதும், பள்ளிக்கூடப் புள்ளைகள் ஓடுற சாமான். டவுனுக்குத் திரும்பி வேற கடையில அதில ஒண்டு எடுத்தன். அதில ரெண்டு பேர் ஏறினா மலை ஏறாது, அதுவும் மச்சான்ட உடம்புக்குச் சான்ஸே இல்ல, அதனால அவனை ஈஸி ரைடர் ஒருத்தருக்குப் பின்னால ஏத்திவிட்டன். அங்கத்த ஆள் ஓட்டுவார், நாம பின்னால குந்தினாச் சரி, காசு கூட, ஆனா பெர்மிட் தலையிடி இல்ல.

மட்டக்களப்பில நமக்கு ஏத்தம் எண்டா கல்லடிப் பாலம்தான். மிஞ்சினா மஹியங்கனைக்கு அங்கால 18 வளைவு, அதிலயே கை உதறும். இங்க யென் மின், டொங் வான், மேயோ வாக் எண்டு நாள் முழுக்க அதே வேலைதான். 50 சிசி ஏத்தத்தில முதலாம் கியர்ல முக்கி முனகிப் போகும், லொறிக்காரன் ஹோன் அடிச்சா ஒதுங்கிக் குடுங்க, ரோசம் பாக்காதீங்க. இறக்கத்தில பிரேக்கை அமத்திப் பிடிச்சுக்கிட்டே வந்தா சூடாகிக் கேக்காமப் போகும், ரெண்டாம் கியர்ல போட்டு விடுங்க, எஞ்சினே பிடிச்சுக்கும். அங்க வலப்பக்க ஓட்டம், ஓடுற நேரம் பழகிரும், டீ குடிச்சுட்டு ஏறுற நேரம்தான் கை தன்பாட்டில இடப்பக்கம் கிறுகும், கவனம். வளைவுக்கு முதல் ஹோன் அடிக்காம வராதீங்க.

மா பீ லெங் கணவாய் டொங் வானுக்கும் மேயோ வாக்குக்கும் இடையில, 20 கிலோமீட்டர் அளவில. அந்த ரோட்டை 1959ல தொடங்கி 1965லதான் முடிச்சாங்களாம், மலை விளிம்பில ஆக்கள் கயித்தில தொங்கிக்கிட்டு வெட்டின ரோடு. கீழ நோ குவே ஆறு பச்சையா ஒரு நூல் அளவுக்குத்தான் தெரியுது. போட்டோக்கு நிக்கிறதெண்டா வளைவில நிக்காதீங்க, அங்கால ஒதுக்கமான இடம் கிடக்கு.

மேயோ வாக் தாண்டினதும் திரும்பவும் பொலிஸ். நெஞ்சு பக்பக்கெண்டு அடிக்குது. பைக்கைச் சுத்திப் பாத்தார், பதிவு அட்டையைப் பாத்தார், என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பின்னால வந்த வெள்ளைக்காரர் ரெண்டு பேர் 150 சிசியோட ஓரங்கட்டி நிண்டாங்க, பாவம்.

பைக் எடுக்கிற நேரம் பதிவு அட்டையைக் கேட்டு வாங்குங்க, பைக்கைச் சுத்தி வீடியோ எடுங்க, பாஸ்போர்ட்டை அடகு கேட்டா குடுக்காதீங்க, காசு டிபாசிட் மட்டும் குடுங்க. முதல் கடைக்காரன் மிச்ச நாள் வாடகையை இன்னும் திருப்பித் தரல்ல. மெசேஜ் போட்டா ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் வருது.